சாம்பிராணி குடித்த லேப்டாப்

புந்தோங், ஈப்போ
வியாழக்கிழமை

பாப்பா, சாந்தினி, அப்பாதான் எழுதுகிறேன், எப்படி இருக்கிறாய்? அங்கே குளிர் குறைந்ததா, மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா, வயிற்றில் இருக்கிற பிள்ளை உதைக்கிறதா? இங்கே உன் அம்மாவும் நானும் முனியாண்டி புண்ணியத்தில் குறையில்லாமல் இருக்கிறோம். குறையில்லாமல் என்று கை தானாக எழுதிவிட்டது, அடித்தால் கடிதம் அசிங்கமாகிவிடும், அப்படியே இருக்கட்டும். போனில் சொல்வதை விட்டுவிட்டு இந்த மனுஷன் எதற்குப் பேனாவைப் பிடித்தார் என்று நினைப்பாய். போன் எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள், இது அவள் காதில் விழக்கூடாத சங்கதி. டோரிஸ் அக்கா மகள் ஞாயிற்றுக்கிழமை உன் ஊருக்குத் திரும்புகிறாள், அவள் கையில்தான் இந்தக் கடிதத்தையும் கூடவே ஒரு பென்டிரைவையும் கொடுத்து அனுப்புகிறேன். கடிதத்தை முழுசாகப் படித்து முடிக்கும்வரை பென்டிரைவை எதிலும் சொருகாதே. தம்பி அதில் இருக்கிறான்.

மழை இந்த வருஷம் சீக்கிரமே பிடித்துக்கொண்டது, மலைப் பக்கம் எப்போது பார்த்தாலும் வெள்ளையாக இருக்கிறது. என் ஜாகா வேலை பகல் ஷிப்டுக்கு மாறிவிட்டது, கேட்டைத் திறக்கிறேன், மூடுகிறேன், வேறு என்ன. சுங்கை மெராந்தி தோட்டத்தில் நாம் இருந்த லயத்தை இடித்து வீடு கட்டி விற்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா, அந்தப் பக்கம் ஒரு துக்கத்துக்குப் போய்வந்தேன், எந்த இடத்தில் நம் வாசல் இருந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை, அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை, ஒழுகுகிற வீடுதானே. பக்கத்து வீட்டுக் கலாதேவி அக்கா உன்னைக் கேட்டார்கள். அந்த அக்காவும் இந்தக் கதையில் வருவார்கள், ஆகவே விஷயத்துக்கு வருகிறேன்.

நீ தம்பி கருமாதி முடிந்து திரும்பிப் போன பிறகுதான் ரூபன் வந்தான், நம் ஷர்வினோடு உறுமி மேளத்தில் அடிக்கிற உயரமான பையன், தஞ்சோங் மாலிமில் இரண்டு பேருக்கும் ஒரே வாடகை அறை. அறையில் இருந்த தம்பியின் துணிமணி, விபத்துக்குப் பிறகு போலீசிடம் வாங்கிவைத்திருந்த ஹெல்மெட், உறுமி, அந்தக் கறுப்பு லேப்டாப் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சாப்பிடு என்றால் சாப்பிடாமல் போய்விட்டான். துணியை எல்லாம் அம்மா பெட்டியில் வைத்தாள். லேப்டாப்பை மட்டும் சாமி மேடையில், தம்பி படத்துக்கு முன்னால் வைத்தாள். அவன் கை அதிகம் பட்ட பொருள் அதுதான் என்றாள். மூடிமேல் மூன்று விரலால் விபூதி இழுத்து நடுவில் குங்குமம் வைத்தாள். செத்துப்போனவருக்குப் பிடித்ததைப் படத்துக்கு முன்னால் வைப்பது நம்மிடம் உள்ள வழக்கம்தானே, என் அப்பாவுக்கு ஒரு சுருட்டும் கறுப்பு பீரும் வைக்கிறோம், யார் என்ன சொன்னார்கள். ஆனால் சுருட்டுக்கு கரண்டு வேண்டாம். இதற்கு வயரைச் சொருகியே வைத்தாள். ஓரத்தில் எரிகிற சின்ன விளக்கு அணைந்தால் அவன் இருட்டில் இருப்பான் என்றாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் என்ன சொல்ல.

பூட்டு வார்த்தை தெரியாமல் பல மாதம் அது திறக்காமலேயே கிடந்தது. ஆனால் சும்மா கிடக்கவில்லை பாப்பா. மத்தியானம் வீட்டில் யாரும் பேசாத நேரமாகப் பார்த்து, யாரும் தொடாமலே, உள்ளேயிருந்து ஒரு உறுமல் வரும். முதலில் மெதுவாக, பிறகு ஏறி ஏறி, உறுமியின் தோலில் வளைந்த குச்சியைத் தேய்த்தால் ஒரு முனகல் வருமே, சாட்சாத் அதே சத்தம். பிறகு அடங்கிவிடும். முதல் தடவை கேட்டபோது நான் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அம்மா பயப்படவில்லை. கிட்டே போய்க் கையை வைத்துப் பார்த்தாள், பக்கவாட்டில் ஓட்டை ஓட்டையாக இருக்கிற இடத்திலிருந்து சூடாகக் காற்று வந்தது. மூச்சு விடுகிறான் என்றாள். அன்றையிலிருந்து சாம்பிராணிச் சட்டியை அந்த ஓட்டைக்குப் பக்கத்தில்தான் வைப்பாள், விளக்கு வைக்கும்போதெல்லாம்.

சித்திரை பிறந்த பிறகு ரூபன் ஒரு நாள் வந்தான், அவர்கள் மேளக் குழுவின் பெயரை அடித்துப் பார்த்தான், திறந்துகொண்டது. உள்ளே போட்டோ எல்லாம் இருந்தது, அவன் வேலை செய்கிற இடம், மோட்டார், நண்பர்கள். ஒரே ஒரு வீடியோதான் நம் வீட்டில் எடுத்தது. போன தீபாவளிக்கு லீவில் வந்திருந்தபோது நம் அடுப்படியில் எடுத்திருக்கிறான், லீவு முடிந்து போகிற வழியில்தானே மழையில் மோட்டார் சறுக்கியது. இந்த லேப்டாப்பையே முட்டுக்கொடுத்து நிறுத்திவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து உறுமி அடிக்கிறான், புதுசாக ஒரு அடி பழகியிருக்கிறான் போல, தப்புகிறது, அவனே சிரிக்கிறான், மறுபடியும் அடிக்கிறான். பின்னால் அம்மா அடுப்பில் முறுக்குச் சுடுகிறாள், முதுகு மட்டும் தெரிகிறது. கொஞ்ச நேரம் ஓடும், அவன் தலையைத் திருப்பி, அம்மா இங்க பாரேன் என்பான், அத்தோடு கறுப்பாகிவிடும். நின்றது வீடியோ மட்டுமல்ல, லேப்டாப்பே செத்துவிடும். திரும்ப உயிர் கொடுத்தால் நீல நிறத்தில் என்னென்னமோ எழுத்து, அப்புறம் முதலிலிருந்து. ரூபன் அந்த இடத்தைத் தாண்டி ஓட்டிக் காட்டட்டுமா அத்தை என்றான். அம்மா விடவில்லை, பேசுகிறவனை நடுவில் பிடித்து இழுக்கக் கூடாது, அவனாக முடிக்கட்டும் என்றாள்.

அவன் முடிக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குளித்து விளக்கேற்றி அதைப் போடுவாள். போகப் போக அவன் திரும்புகிற இடமே வரவில்லை. அப்புறம் சிரிக்கிற இடம் வரவில்லை. அப்புறம் உறுமியைக் கையில் எடுக்கிறான், செத்துவிடுகிறது. என் கண் முன்னால் என் பிள்ளை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தான் பாப்பா. தஞ்சோங் மாலிம் ரோட்டில் ஒரு தடவை போனவன் இங்கே வெள்ளிக்கு வெள்ளி போனான். நான் அந்த நேரம் பார்த்துக் கடைக்குப் போய்விடுவேன்.

அம்மா கலாதேவி அக்காவிடம் போய்க் கேட்டாள், அவர்களுக்குக் குறி சொல்லுகிற வாக்கு உண்டு என்று இந்தப் பக்கம் எல்லாரும் போவார்கள். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளை ஒரு வார்த்தை சொல்ல வருகிறான், சொல்ல முடியாமல் வாசலில் நிற்கிறான், புகை நன்றாகப் போடு, புகையில்தான் அவனுக்கு வழி தெரியும் என்றார்கள். நல்ல மனுஷிதான், வேண்டுமென்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் எந்நேரமும் புகை. என் சட்டை, சோறு, தலையணை எல்லாம் சாம்பிராணி வாசம். புகை கூடக் கூட அவன் இன்னும் சீக்கிரமாகச் செத்தான். செத்தான் என்று இவள் இன்னும் அதிகமாகப் போட்டாள்.

இதைச் சொல்லும்போது தோட்டத்தில் நடந்த ஒன்று ஞாபகம் வருகிறது, உனக்குச் சொல்லியிருக்கமாட்டேன். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் கணக்கு எழுதுகிற கிராணி வரிசையாகப் பெயர் வாசிப்பார். மத்தியாஸ் என்று ஒரு ரப்பர் பால்மரக்காரர், பாம்பு கடித்துப் போய்விட்டார். அடக்கம் முடிந்த மறுவாரம் கிராணி பழக்கத்தில் மத்தியாஸ் என்று கூப்பிட்டுவிட்டார். பின்னாலிருந்து, வந்தேங்க என்று குரல் வந்தது. அத்தனை பேரும் வாளியைப் போட்டுவிட்டு ஓடினோம், அன்றைக்கு ஒருவரும் மரம் வெட்டிப் பால் எடுக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, சொன்னது அவருடைய தம்பி. ஏண்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, அண்ணன் பேரைக் கூப்பிட்டுவிட்டு யாரும் பதில் சொல்லாமல் இருந்ததைத் தாங்க முடியவில்லை என்றான். வாய்விட்டுச் சிரித்தவர்கள் எல்லாம் அதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டார்கள். சரி, லேப்டாப்புக்கு வருகிறேன்.

வருஷத் திதி நெருங்குகிறது, நீயும் அந்த வீடியோவை அனுப்பு அனுப்பு என்று கேட்டுக்கொண்டிருந்தாய், வேறு எங்கேயும் அதற்குப் படி கிடையாது. நம் விக்னேஸ்வரனைக் கூப்பிட்டேன், என் தங்கை மகன், ஆபீசில் இருக்கிறான், கம்ப்யூட்டர் தெரியும். அவன் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கிற சிஸ்டம் கெட்டுப்போச்சு மாமா, எல்லாத்தையும் போர்மேட் பண்ணிப் புதுசா ஏத்தினா சரியாயிரும்லா என்றான். எனக்கு என்ன தெரியும், வண்டிக்கு எண்ணெய் மாற்றுகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டு சரி என்றேன். அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை, வீடியோ உள்ளேதான் இருக்கிறது என்று. அவனுக்கு அது சாமான், நமக்கு அது ஷர்வின். ஏதோ வட்டம் சுற்றியது, எண் ஏறியது, பாதிகூட ஏறவில்லை, உறுமிக்கொண்டே போய் டப்பென்று அணைந்தது. மறுபடி, மறுபடி. கடைசியில் ஒன்றுமே வரவில்லை, சிஸ்டம் இல்லை என்று ஒரு வரி மட்டும் நின்றது. அப்போதுதான் அம்மா, வீடியோ எங்கடா என்று கேட்டாள். விக்னேஸ்வரன் முகம் வெளுத்துவிட்டது. புதுசு ஏத்துனா பழசு அழிஞ்சிரும் அத்தை, யாரும் எனக்குச் சொல்லலியே என்றான். பாவம், பையன் அழுதுவிட்டான். அம்மா அழவில்லை. எழுந்து போய் விளக்கை ஏற்றினாள், இரண்டு தட்டில் சோறு போட்டாள், மூன்றாவதாக ஒரு தட்டை எடுத்தாள், கழுவித் திரும்ப வைத்தாள். அதற்குப் பிறகு என்னோடும் பேச்சில்லை. அவள் அப்படி இருந்ததைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க முடியவில்லை. லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு டவுனுக்கு பஸ் ஏறினேன்.

பழைய மார்க்கெட் பக்கம் ஒரு ரிப்பேர் கடை, ஜெனட் என்று ஒரு பெண் வைத்திருக்கிறாள், உன் வயசை விடக் கொஞ்சம் கூட இருக்கும், கழுத்தில் சிலுவை, வாய் நிற்காது. என்ன அங்கிள், பிள்ளையத் தூக்கிட்டு வர்ற மாதிரி கொண்டு வர்றீங்க என்றாள். துண்டைப் பிரித்து அவள் மேசைமேல் வைத்தேன். அடிப்பக்கத்து ஆணியெல்லாம் கழற்றித் திறந்தாள், திறந்தவள் அப்படியே மூக்கைச் சுளித்துக் குனிந்தாள்.

"அங்கிள், இத நீங்க வீட்டுல வச்சிருந்தீங்களா, கோயில்ல வச்சிருந்தீங்களா?"

உள்ளே பார்த்தேன். சின்ன விசிறி ஒன்று, அது முழுக்க சாம்பல் கலரில் கம்பளி மாதிரி மெத்தென்று அடைந்திருந்தது. விபூதி, சாம்பிராணிக் கரி, குங்குமம், காய்ந்த மல்லிகை இதழ் ஒன்று, எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு. இதுக்கு மூச்சு விடவே இடமில்ல, சூடு தாங்காமத்தான் தானா அணையுது, பேயும் இல்ல பிசாசும் இல்ல என்று சிரித்தாள். யாருடையது என்று சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு நாற்காலி இழுத்துப் போட்டாள், உட்காருங்க அங்கிள் என்றாள். உள்ளேயிருந்து ஒரு தகட்டைக் கழற்றி அவளுடைய கம்ப்யூட்டரில் மாட்டினாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருக்கு அங்கிள் என்றாள். புதுசு ஏற்றும்போது முதலில் எல்லாம் தயார் பண்ணிக்கொண்டு அப்புறம்தான் பழசைத் துடைக்குமாம், தயார் பண்ணும்போதே சூட்டில் அணைந்து அணைந்து போனதால் துடைக்கிற வேலை ஆரம்பிக்கவே இல்லையாம், சிஸ்டம் மட்டும்தான் குலைந்துபோனதாம், போட்டோ வீடியோ எல்லாம் அப்படியே இருக்கிறதாம். அம்மா போட்ட புகைதான் அவனைக் கொன்றது, அம்மா போட்ட புகைதான் அவனைக் காப்பாற்றியும் வைத்திருந்தது. நான் இதை யாரிடம் போய்ச் சொல்ல.

போட்டுப் பாக்கணுமா அங்கிள் என்றாள். பார்க்காமல் வந்திருக்க வேண்டும். பார்த்தேன். இனி எழுதுவதுதான் பாப்பா உனக்குச் சொல்ல வந்தது.

அவன் அடிக்கிறான், தப்புகிறான், சிரிக்கிறான். பிறகு அடி பிடிபட்டுவிடுகிறது, அவ்வளவு அழகாக அடிக்கிறான். தலையைத் திருப்பி, அம்மா இங்க பாரேன், வந்துருச்சு பாரு என்கிறான். அம்மா திரும்பவில்லை. இருடா, எண்ணெய் காயுது என்கிறாள். அவன் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். அம்மா, ஒரே ஒரு தடவை என்கிறான். அப்புறம்டா என்கிறாள், முறுக்கைத் திருப்பிப் போடுகிறாள். சரிம்மா, அடுத்த லீவுல காட்டுறேன் என்று சொல்லிவிட்டு, கோபம் எல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டேதான், கையை நீட்டி அணைக்கிறான். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தையும் அதில் இல்லை. இத்தனை மாதம் சொல்ல வந்து நிற்கிறான் என்று இவள் காத்திருந்தது இதற்குத்தான்.

எந்த வீட்டில் இது நடக்கவில்லை சொல். கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் நிற்கிறவள் எப்படித் திரும்புவாள். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அவளுக்கு இதை யார் சொல்வது. ஜெனட்டும் பார்த்துவிட்டாள், மெதுவாக, வேணும்னா அவர் அம்மான்னு திரும்புறதுக்கு முன்னால வெட்டிரலாம் அங்கிள், ஆன்ட்டிக்குத் தெரியாது என்றாள். வெட்டிவிடம்மா என்று சொல்லிவிட்டு எதிர்க்கடையில் போய்ப் பால் போடாத கோப்பி ஓ வாங்கினேன். ஆறிப்போகும்வரை குடிக்கவில்லை. அவன் அம்மாவைக் கூப்பிட்டது அது ஒன்றுதான் நம்மிடம் மிச்சம் இருக்கிறது, அதை நான் எப்படி வெட்டுவேன். திரும்பிப் போய் முழுசாகவே இருக்கட்டும் என்றேன். அவள் விசிறியைத் துடைத்துப் புது சிஸ்டம் ஏற்றி, வீடியோவைத் திரும்ப உள்ளே வைத்து, உனக்கு ஒரு படியும் எடுத்துக் கொடுத்தாள். அடைந்திருந்த சாம்பலைக் குப்பையில் போட மனசில்லை அங்கிள் என்று ஒரு தாளில் மடித்துக் கொடுத்தாள், சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அங்கேதான் தப்பு நடந்தது. சட்டையைத் துவைக்க எடுத்த அம்மா அதைப் பிரித்துவிட்டாள். மோந்து பார்த்தாள், மேடையைப் பார்த்தாள், லேப்டாப்பைப் பார்த்தாள். படிக்காதவள்தான், புரிந்துகொண்டாள்.

"நான்தான் என் புள்ளைக்கு மூச்சு முட்ட வச்சேனா?"

இல்லை புனிதா என்றேன், தூசி எல்லா மிஷினிலும் அடையும் என்றேன், என் குரல் எனக்கே நம்புகிற மாதிரி இல்லை. அவள் லேப்டாப்பை மேடையிலிருந்து எடுத்து, ஈரத்துணியால் விபூதியைத் துடைத்து, முன் அறை ஜன்னலோரம் தையல் மிஷின்மேல் வைத்தாள். சாம்பிராணியை இப்போது வெளி வாசலில் ரோட்டைப் பார்த்துப் போடுகிறாள். திதி அன்றைக்குத்தான் திறப்பேன், அதுவரை தொடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். மிஷினும் சத்தமே போடுவதில்லை, மத்தியானத்தில் நான்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், உறுமாதா என்று. எனக்கு அது பழகிவிட்டதா, அவனே போய்விட்டானா, தெரியவில்லை.

ஒரு அடியைத் தாங்கிவிட்டாள். இரண்டாவதையும் தாங்குவாளா என்பதுதான் என் பயம். திதி வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி. நீ என்ன செய்கிறாய், முதலில் மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீ பார், தனியாகப் பார்க்காதே. பிறகு அன்றைக்குச் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் பண்ணு, அம்மா பார்க்கும்போது நீ அவள் காதில் இரு. என்ன சொல்ல வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. நீயும் அவளைக் கூப்பிட்டிருக்கிறாய், அவள் திரும்பாத நாளும் இருந்திருக்கும், திரும்பின நாளும் இருந்திருக்கும், அதில் ஏதாவது ஒன்றைச் சொல்லு. உன்னால் முடியும்.

குளிரில் வெறும் காலோடு நடக்காதே, இரும்புச் சத்து மாத்திரையை விடாதே. பென்டிரைவைப் பத்திரமாக வை, வேறொரு இடத்திலும் ஒரு படி எடுத்து வை. பிள்ளை சுகமாகப் பிறக்க முனியாண்டி துணை இருப்பார், உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உண்டு, வெள்ளிக்கிழமை போனை மறந்துவிடாதே.

இப்படிக்கு உன் அப்பா,
சீனி

பாப்பா, மடித்து உறையில் போடப் போனேன், திரும்ப எடுத்து எழுதுகிறேன். முன் அறையில் உறுமி கேட்கிறது. விசிறி இல்லை, அவன் உறுமிதான். திதிவரை தொடமாட்டேன் என்றவள் போட்டுவிட்டாள். போய் நிறுத்தலாமா என்று எழுந்தேன், திரும்ப உட்கார்ந்துவிட்டேன். தப்புகிறான், சிரிக்கிறான், எப்போதும் செத்துப்போகிற இடத்தையெல்லாம் தாண்டிவிட்டான். அடி பிடிபட்டுவிட்டது. கூப்பிட்டுவிட்டான். எண்ணெய்ச் சத்தம் கேட்கிறது, அதில் இருடா என்று அவள் சொன்னதும் கேட்டுவிட்டது. இப்போது ஒன்றும் கேட்கவில்லை. திரும்பவும் முதலிலிருந்து போடுகிறாள், இந்தத் தடவை நாற்காலி இழுக்கிற சத்தமும் கேட்கிறது. அவன் கூப்பிடுகிற இடம் வருகிறது, சொல்லுப்பா, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் என்கிறாள் பாப்பா, அவனுக்குப் பதில் சொல்கிறாள். இப்போது ஏங்க என்று என்னைக் கூப்பிடுகிறாள், அழுகிற குரலா என்று தெரியவில்லை, திரும்பவும் கூப்பிடுகிறாள், நீ பயப்படாதே, நான் போய் அவள் பக்கத்தில்